ஒன்றரைக் குச்சி மிச்சம்

அய்யாதுரை வாத்தியாருக்குப் பதில் தெரியுமா, தெரியாதா?

பத்தொன்பது வருடங்கள் ஓர் ஊர் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தது. ஆமத்தூரிலிருந்து தெற்கே விலகி, மினிபஸ் ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து புழுதி கிளப்பிவிட்டுத் திரும்பும் ஊர் அது. அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் அவர் பொறுப்பு. பிள்ளை ஒன்று எழுந்து, "சார், மழைக்கு முந்தி எறும்பு ஏன் சார் முட்டையத் தூக்கிட்டு ஓடுது?" என்று கேட்கும். அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார்.

"நீ என்ன நெனக்கே?"

பிள்ளை தான் நினைப்பதைச் சொல்லும்.

"அப்ப வெயில் காலத்துல ஓடுற எறும்பு?"

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மூன்று நாள் எறும்புக்குப் பின்னால் குனிந்து திரியும். நான்காம் நாள் வந்து ஏதோ சொல்லும். "இருக்கலாம்" என்பார். அத்தோடு முடிந்தது. 'சரி' என்றோ 'தப்பு' என்றோ அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் அந்த ஊரில் இல்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. ஒன்று, அவர் பிள்ளைகளை யோசிக்க வைக்கிறார் என்பது. இரண்டாவது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது. முதல் விளக்கத்தை நம்பியவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை கிடையாது. தலைமையாசிரியை பாண்டிமீனா இரண்டாவது கட்சி. "அய்யாதுரை சார்கிட்ட கேள்வி கேட்டா, கடைக்காரன் செல்லாத காச நீட்டுற மாதிரி நம்ம கேள்விய நம்மகிட்டயே திருப்பி நீட்டிருவாரு" என்பது அவர் சொல்வது. ஒரு தடவை வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டதற்கும் "நீங்க எங்கன வச்சதா நெனக்கீக?" என்று பதில் வந்ததாம். அதற்கு மெமோ கொடுத்தார்.

கல்லால மரத்தடியில் வாய் திறக்காமல் உபதேசம் செய்தவரைக் கோயிலின் தெற்குச் சுவரில் வைத்து வியாழக்கிழமை தோறும் கொண்டைக்கடலை மாலை போடுகிறோம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வாய் திறக்காமல் இருந்தவருக்கு மெமோ. இதில் அநியாயம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முன்னவர் சம்பளம் வாங்கவில்லை.

அவரிடம் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் ஆகவில்லை. விஞ்ஞானி யாரும் இல்லை. ஒருவன் சிவகாசியில் அச்சகத்துக்குப் போனான். இயந்திரம் நின்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்காமல் தானே திறந்து பார்த்தான். இரண்டு அச்சகங்களில் வேலை போனது. மூன்றாவதில் இயந்திரம் ஓடிவிட்டதால் தங்கினான். ஒரு பெண் கல்யாணம் ஆகிப் போன வீட்டில், மாமியார் சொன்ன விரதத்துக்கு "ஏன்?" என்று கேட்டுவிட்டாள். பஞ்சாயத்து பள்ளிக்கூட வாசல்வரை வந்தது. "சார், உங்க பாடத்தாலதான் எம்மருமக கெட்டா" என்றார் அந்த அம்மாள். அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றினார். அவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரிந்த பாண்டிமீனா, அம்மாளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டார்.

ஊரில் பாதிக் குடும்பங்கள் முன்பு அடுத்தவர் காட்டில் பருத்தியும் மிளகாயும் எடுத்தவர்கள். இப்போது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் பயர் ஆபீஸ். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். மாலையில் கொட்டிவிட்டுப் போகும். திரும்பி வருகிற பெண்கள் தலைமுடி முதல் கால் நகம் வரை அலுமினியப் பொடி படிந்து வெள்ளிச் சிலை மாதிரி இறங்குவார்கள். பார்க்க அழகுதான். அந்தப் பொடியும் சேலை மடிப்பில் ஒட்டியிருக்கும் மற்ற மருந்தும் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் ஊரில் ஒரு பழக்கம். வேலையிலிருந்து வந்தவர் குளித்து, உடுப்பு மாற்றி, "ஆச்சு" என்று சொல்லும்வரை எந்த வீட்டிலும் தீக்குச்சி உரசமாட்டார்கள். அடுப்பு காத்திருக்கும், விளக்கு காத்திருக்கும், சாமியும் காத்திருக்கும். வேன் சத்தம் கேட்டதும் வீட்டிலுள்ள தீப்பெட்டியை எடுத்து ஒளித்துவைப்பது பிள்ளைகள் பொறுப்பு. விருந்தாளி யாராவது பீடியும் கையுமாக நின்றால், அவர் யாராக இருந்தாலும், பிள்ளை போய்க் கையை நீட்டும். பேச்சு வார்த்தை கிடையாது. பெட்டி வாளித் தண்ணீருக்குள் போகும். தாய்மாமன் என்றாலும் இதே மரியாதைதான்.

அய்யாதுரை இந்த ஊர்க்காரர் இல்லை. ஆலங்குளம் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். சிமெண்ட் ஆலையில் சேர்த்துவிட அப்பா ஆசைப்பட்டார். மகன் வாத்தியார் பயிற்சிக்குப் போனார். ஏன் என்று அப்பா கேட்டபோது என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை. ஊகிக்கலாம். விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னாலுள்ள தெருவில் வீடு. குழந்தை இல்லை. மனைவி வீரலட்சுமி. அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று சொட்டு மருந்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நான்கு வேளை. தானே விட்டுக்கொண்டால் ஒரு சொட்டு கண்ணில், இரண்டு சொட்டு கன்னத்தில். கைநடுக்கம் வேறு. காலையில் முதல் வேளையும் ராத்திரிக் கடைசி வேளையும் அய்யாதுரை விடுவார். நடுவில் இரண்டு வேளைக்கு வீரலட்சுமி சுவரைத் தடவிக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்லக்கனியின் கதவைத் தட்ட வேண்டும். செல்லக்கனி நல்லவர்தான். ஆனால் கதவு என்பது தினமும் இரண்டு தடவை தட்டுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. செல்லக்கனி ஊருக்குப் போன நாட்களில் மருந்து கன்னத்துக்குப் போனது.

தூரம் என்று பார்த்தால் பெரிய தூரம் இல்லை. மினிபஸ்தான் தூரம். நாலேகாலுக்குப் பள்ளி விட்டால் ஆறு மணிக்கு வண்டி. வீடு சேர ஏழு, ஏழரை. விருதுநகருக்குள் ஒரு பள்ளி கிடைத்தால் மத்தியானமே நடந்து வந்து மருந்து விட்டுவிட்டுப் போகலாம். சாயங்காலம் நாலரைக்கு வீட்டில் இருக்கலாம். மாறுதல் கலந்தாய்வுக்கு ஆறு தடவை போனார். ஆறு தடவையும் அவருடைய முறை வரும்போது பலகையில் ராமநாதபுரம் எல்லையில் இரண்டு ஊர்கள் மிச்சம் இருந்தன. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவர் வாழ்க்கையில் வேண்டும் என்று எழுதிக் கேட்டது இந்த மாறுதல் ஒன்றைத்தான்.

இப்படி இருக்கும்போது, 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் பிள்ளைகள் சிந்திக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதற்கு முன்பு சிந்திக்கக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை. ஆனாலும் எழுத்தில் வந்தபிறகு ஒரு காரியத்துக்குக் கிடைக்கும் கம்பீரமே வேறு. கரும்பலகையைத் தரைவரை இறக்கினார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார்கள். அறைக்குக் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகளின் சிந்தனைகளைத் துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். பார்வையாளர் வருகிற நாட்களில் சிந்தனை கூடுதலாக வேண்டியிருந்ததால், சில பள்ளிகளில் ஆசிரியைகள் முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, இடது கையால் எழுதித் தயார் செய்தார்கள். பிள்ளை கையெழுத்துப்போல் இருக்க வேண்டும் அல்லவா?

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பு 'சிந்தனைச் சுடர்' போட்டி அறிவித்தார்கள். மதிப்பீட்டாளர் பள்ளிக்கு வருவார். ஏழாம் வகுப்புக்கு ஒரு புதிர் கொடுப்பார். மிகச் சிறப்பாக யோசிக்கும் வகுப்பின் ஆசிரியருக்குக் கேடயம். அடுத்த கலந்தாய்வில் முதல் ஆளாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சலுகை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில்.

புதிர் ரகசியம். அதனால் பத்து நாளுக்கு முன்பே எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட்டது. பாண்டிமீனா ஒரு தாளை நான்காக மடித்து அய்யாதுரையிடம் கொடுத்தார்.

"ஆறு தீக்குச்சி, நாலு சம முக்கோணம். பதிலு படத்தோட இருக்கு. மூணு குச்சியத் தரையில முக்கோணமா வச்சு, மத்த மூணையும் கூம்பு மாதிரி மேல சாச்சு நிறுத்தணும். மூலைக்குக் களிமண்ணு. பிள்ளைகளுக்கு நாலு நாள் பழக்கி விட்டுருங்க சார்."

அய்யாதுரை தாளை விரித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சார், இது உங்களுக்காகத்தான் சொல்லுதேன். உங்க வீட்டம்மா கண்ணு…"

"தெரியும் டீச்சர்."

ஆக, ஊர் பத்தொன்பது வருடம் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு விஷயத்தில் சந்தேகமறத் தீர்வு கிடைத்துவிட்டது. அவருக்குப் பதில் தெரியும். படத்தோடு தெரியும். தாள் பத்து நாளும் பையிலேயே இருந்தது. வீரலட்சுமி துவைக்கும்போது எடுத்துவைத்து, மறுநாள் திரும்பப் பையில் வைத்தார். வகுப்பில் அந்தப் பத்து நாளும் வழக்கம்போல் எறும்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டாளர் தனுஷ்கோடி ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு அது நான்காவது பள்ளி. முந்தின மூன்றிலும் பிள்ளைகள் பதினோரு விநாடியில் கூம்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு பள்ளியில் அவர் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள்ளேயே கைகளில் களிமண் உருண்டையோடு காத்திருந்தார்கள். சிந்தனையின் வேகம் அப்படி.

பெற்றோர் பங்கேற்புக்கு ஐந்து மதிப்பெண் என்று விதி இருந்ததால் பாண்டிமீனா பயர் ஆபீசுக்கே ஆள் அனுப்பி, தாய்மார்களைச் சீக்கிரம் விடச் சொல்லியிருந்தார். போட்டோ எடுப்பார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். சீசன் நேரம்; போர்மேன் முனகிக்கொண்டே விட்டார். வேன் அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளி வாசலில் இறக்கிவிட்டது. பதினான்கு பெண்கள், தலை முதல் கால் வரை வெள்ளிப் பூச்சோடு, வகுப்பறையின் பின்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள்.

தனுஷ்கோடி பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாம யோசிக்கணும். தப்பான பதிலுன்னு ஒண்ணு உலகத்துல கிடையவே கிடையாது. என்ன?"

"ஆமா சார்" என்றது வகுப்பு.

கேள்வியை வாசித்தார். பதினைந்து நிமிடம். பிறகு கைப்பையைத் திறந்து, பிள்ளைகளை நான்கு குழுவாக்கி, குழுவுக்கொரு புதுத் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

முதல் பெட்டி செழியன் கைக்கு வந்தது. செழியன் அதை ஆட்டினான். குச்சிச் சத்தம் கேட்டது. பின்சுவரில் நின்ற மாரித்தாய்க்கும் கேட்டது.

"யாத்தீ, தீப்பெட்டி! ஏட்டி செல்வி, வாங்குட்டி அத!"

மாரித்தாயின் மகள் செல்வலட்சுமி அதற்குள் எழுந்துவிட்டாள். வாசலோரம் சாப்பாட்டுத் தட்டு கழுவுகிற வாளி நிறையத் தண்ணீரோடு இருந்தது.

"எல்லாரும் இங்கன போடுங்கலே. சீக்கிரம்."

ஒரு பிள்ளைகூட யோசிக்கவில்லை. ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்கவில்லை. நான்கு பெட்டியும் வாளிக்குள் போயின. செழியன் மட்டும் திரும்பி வந்து தனுஷ்கோடி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"உங்க சட்டைப் பையில ஒண்ணு இருக்கு சார்."

இருந்தது. சிகரெட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். தனுஷ்கோடி கொடுத்துவிட்டார். அதுவும் தண்ணீருக்குள் போனது.

"என்ன சார் இது ஒழுங்கீனம்?" என்றார் அய்யாதுரையிடம்.

"பிள்ளைககிட்ட கேளுங்க."

செல்வலட்சுமி பின்சுவரைக் காட்டினாள். "அம்மா இன்னும் குளிக்கல சார்."

தனுஷ்கோடி பதினான்கு வெள்ளிச் சிலைகளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். முகத்தில் வேர்வை வந்தது. மாரித்தாய் ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீக சார். ஊறிருச்சு. இனி ஒண்ணும் செய்யாது." பிறகு பெண்கள் தாங்களாகவே வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். பங்கேற்பு மதிப்பெண் ஐந்தும் அவர்களோடு வெளியேறியது. பாண்டிமீனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

போட்டி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்தது என்று யாரும் சொல்லாததால், பிள்ளைகள் வாளிக்குள் கைவிட்டுக் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மருந்து கரைந்து விரல்கள் சிவந்திருந்தன. குச்சிகளைத் தரையில் வைத்தார்கள், கலைத்தார்கள், வைத்தார்கள். இரண்டு முக்கோணத்துக்கு மேல் வரவில்லை. தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பள்ளி மொத்தமாகத் தோற்றால் அதற்குத் தனி அறிக்கை எழுத வேண்டும்.

"சார், ஆசிரியர் ஒரு குறிப்பு குடுக்கலாம். விதியில இடமிருக்கு" என்றார் மெதுவாக.

செழியன் நிமிர்ந்தான். "சார், தரையில வரவே மாட்டேங்குது சார். என்னதான் சார் செய்ய?"

தரையில் வராது என்பதுவரை பையன் வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு சொல். 'மேலே' என்று சொன்னால் போதும். அந்தச் சொல்லின் மறுபுறத்தில் விருதுநகர்ப் பள்ளி இருந்தது. மத்தியான வேளைச் சொட்டு மருந்து இருந்தது. பாண்டிமீனா தன் நெஞ்சைத் தட்டித் தட்டி அவருடைய சட்டைப் பையை நினைவூட்டினார். அய்யாதுரையின் கை பைவரை போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே போய்க் கண்ணாடியைக் கழற்றியது.

"நீ என்ன நெனக்கே?"

செழியனுக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த குச்சியை ஒடித்து எறியப் பார்த்தான். ஊறின குச்சி ஒடியவில்லை. நடுவில் மடிந்து, நாரில் தொங்கிக்கொண்டு நின்றது.

"ஏலே, எறியாத. அப்படியே குடு" என்றாள் செல்வலட்சுமி.

மூன்று குச்சிகளை வைத்துப் பெரிய முக்கோணம் ஒன்று போட்டாள். மடிந்த குச்சியை அதற்குள்ளே தலைகீழாக வைத்தாள். இரண்டு பக்கம் வந்துவிட்டது. மூன்றாவது பக்கத்துக்கு இன்னொரு குச்சியில் பாதியைத் திருகிப் பிய்த்து வைத்தாள். பெரிய முக்கோணத்துக்குள் நான்கு சின்ன முக்கோணங்கள். நான்கும் ஒரே அளவு. செழியன் விரலால் அளந்து பார்த்தான்.

"சார், நாலு வந்துருச்சு. பெருசோட சேத்தா அஞ்சு. ஒன்றரைக் குச்சி மிச்சம் சார்!"

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"இது தப்பு" என்றார்.

"ஏன் சார்?"

"ஆறு குச்சியையும் பயன்படுத்தணும்."

"மிச்சம் பிடிச்சா தப்பா சார்?"

"அப்புறம் குச்சிய மடிக்கக் கூடாது."

"அது எங்கன சார் எழுதியிருக்கு?" செல்வலட்சுமி கேள்வித்தாளை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

உலகத்தில் இல்லாததாகக் கால் மணி நேரத்துக்கு முன்பு அவரே அறிவித்த தப்பான பதில் இப்போது அவர் காலடியில் ஈரமாகக் கிடந்தது. தனுஷ்கோடி கெட்டவர் இல்லை என்று சொன்னேன். நியாயமான மனிதருக்கு இருக்கக்கூடிய சங்கடம் அவருக்கும் இருந்தது. அய்யாதுரையைத் தனியே கூட்டிப்போனார்.

"சார், உங்களுக்குத் தாளு வரலையா?"

"வந்துச்சு."

"பின்ன?"

அய்யாதுரை சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். தனுஷ்கோடி கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு விடைத்தாளுல இடமில்ல சார். பிள்ளைக தானா யோசிச்சதுன்னா நான் சுழியம்தான் போடணும். ஆனா 'ஆசிரியர் கையாண்ட புதுமை முறை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. முப்பது மார்க்கு. மத்த மூணு பள்ளிக்கூடத்துலயும் அது காலியாத்தான் கெடக்கு. ஈரக்குச்சிய மடிக்கிறது உங்க முறைன்னு நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க; கேடயம் உங்களுக்குத்தான். நாளைக்குப் பத்து மணிக்குள்ள விருதுநகர் கல்வி ஆபீசுல படிவத்தச் சேத்துருங்க."

சிந்தனைப் போட்டியில் பிள்ளைகள் சிந்தித்தால் சுழியம். வாத்தியார் சிந்தித்தால் முப்பது. விதி எழுதியவர் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்.

அன்று ஏழு மணிக்கு வீடு சேர்ந்ததும் அய்யாதுரை எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். பதில் சொல்லாதவர் என்றாலும் நடந்ததை மறைக்கிறவர் இல்லை. வீரலட்சுமி சிரித்தார், செழியன் கையை நீட்டிய இடத்தில் இன்னும் சிரித்தார். பிறகு, "ஒரு தாள எடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"எழுதுங்க. 'தீக்குச்சியை நனைத்து மடிக்கும் முறையை மாணவர்களுக்கு நான் பயிற்றுவித்தேன்.' எழுதிட்டீகளா?"

"நான் பயிற்றுவிக்கலையே."

"பத்தொம்பது வருசமா அதுகளக் கேட்டுக் கேட்டுப் பாடாப்படுத்துறது யாரு? நீங்க இல்லாட்டா அந்தப் பிள்ள அப்படி வச்சுப் பாத்திருக்குமா? இதுல பொய்யி எங்க இருக்கு?"

"நீ என்ன நெனக்கே?"

"இந்த வித்தைய எங்கிட்ட வேணாம்" என்றார் வீரலட்சுமி. "நாளைக்கு மத்தியானம் செல்லக்கனி அவ மக வீட்டுக்குப் போறா. பத்து நாளாகும் வர. எங்கண்ணுக்கு ஒரு வரி எழுத மாட்டீகளா?"

அய்யாதுரை எழுதினார். வீரலட்சுமி சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடி, தனித்தாளில், காலையில் படிவத்தில் பார்த்து எழுதுவதற்குத் தோதாக. அதை மடித்துச் சட்டைப் பையில் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மருந்தை எடுத்து விட்டார். மூன்று சொட்டும் கண்ணுக்குள் விழுந்தன.

வீரலட்சுமி கேட்டதை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியம் பொய்யா? பிள்ளைகள் வாளியில் குச்சியைப் போட்டது ஊர்ப் பழக்கம். குச்சி மடிந்தது தற்செயல். மடிந்ததைத் தூக்கி எறியாமல் வைத்துப் பார்த்தது மட்டும்தான் யோசனை. அது எங்கிருந்து வந்தது? நிலத்தில் விதை போடாதவன் விளைச்சலுக்கு உரிமை கேட்கக் கூடாது என்பது சரி. களை எடுக்காமல், தண்ணீரும் விடாமல், மாட்டை மட்டும் உள்ளே விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு விளைச்சலில் என்ன பங்கு? எனக்குத் தெரியவில்லை.

கேடயம் களிமண் உருண்டையோடு காத்திருந்த பள்ளிக்குப் போனது. அந்த ஆசிரியர் விருதுநகருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டார். நன்றாகவே பாடம் நடத்துகிறார் என்று கேள்வி. அய்யாதுரை ஓய்வு பெறும்வரை அதே மினிபஸ்ஸில் அதே பள்ளிக்குப் போய்வந்தார். அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வீரலட்சுமியின் இன்னொரு கண் இரண்டு வருடத்தில் முக்கால்வாசி மங்கியது. மருந்து தவறியதால்தானா, நோயே அப்படித்தானா என்பதை எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அய்யாதுரையின் காரியத்தை நேர்மை என்று சொல்லிவிட்டுப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் செலவில் பாதியைச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்த இன்னொருவர் கட்டினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அல்லது கேட்டார்கள், அவர் சொன்ன பதில் பையிலேயே இருந்துவிட்டது.

போட்டிக்கு மறுநாள் சனிக்கிழமை காலை நடந்தது இவ்வளவுதான். ஒன்பதே முக்காலுக்கு அய்யாதுரை விருதுநகர் அலுவலகத்துக்குப் போனார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, நிரப்பித் தாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். அய்யாதுரை சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். எழுத்தரிடம் பேனா வாங்கினார். மனைவி சொன்ன வாக்கியம் இருந்த தாளை விரித்து, சுருக்கம் போகக் கையால் தடவிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டத்தில் எழுதினார்.

எழுத்தர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சார், 'தெரியாது'ன்னு எழுதியிருக்கீக?"

"ஆமா."

"இப்படியே வாங்கிக்கிடவா?"

"வாங்கிக்கிடுங்க" என்றார் அய்யாதுரை. இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மத்தியான வேளை மருந்துக்கு வீட்டுக்கு நடந்தார்.